சூடானால் அடம்பிடிக்கும் பனிவண்டி

மாண்ட்ரியலுக்கு நான் போனது மருந்தடிக்கும் இயந்திரங்களைப் பற்றிப் பேச. பேசியது இருபது நிமிடம். மீதிப் பொழுதெல்லாம் உறைந்த ஏரி ஒன்றின்மேல், கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த பனிவண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஊர் திரும்பியதும் கல்லூரியில் பயண அறிக்கை கேட்டார்கள். அந்த இருபது நிமிடத்தை மூன்று பக்கமாக நீட்டி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாமல் விட்டது இது.

நான் லால்குடிப் பக்கம் ஒரு வேளாண் பொறியியல் கல்லூரியில் சின்ன எஞ்சின்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். பம்ப்செட், மருந்தடிக்கும் மெஷின், களையெடுக்கும் மெஷின் என்று கயிற்றை இழுத்துக் கிளப்புகிற எதுவும் என் கைக்குள் அடக்கம் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு நேர்ந்த கதியும் இதில் வருகிறது.

கூட்டம் நடந்த இடம் மாண்ட்ரியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அங்கே தங்குவதற்கு விடுதி தருவதாகச் சொன்னார்கள். ஆனால் திருச்சியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் மன்னார்க்காரப் பெண், தன் அக்கா ரீட்டாவின் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூடவே அக்காவுக்கென்று இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டையும் கட்டிக் கொடுத்தாள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஐரோப்பா வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரீட்டாவின் வீடு வில்லரே என்ற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். அந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, வளைத்து வைத்திருக்கிறார்கள். இரும்புப் படி. அதன்மேல் பனி உறைந்து கண்ணாடிபோல் கிடந்தது. வெயிலுக்கே குடை பிடிக்கும் ஊரிலிருந்து வந்தவள், பெட்டியும் கருவாடுமாக அதில் நாலுகாலில் ஏறினேன். மேலே கதவைத் திறந்த ரீட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்கோ அக்கா, மெல்லமா. நானும் முதல் வருசம் உப்பிடித்தான் ஏறினனான்," என்றாள்.

ஐம்பது வயதிருக்கும். மாலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை. ஒரே மகள் கல்யாணமாகி டொராண்டோவில் இருந்தாள். வீட்டில் ரீட்டாவும் அவள் கணவர் மரியதாஸும் மட்டும். மரியதாஸ் அண்ணனை முதல் நாள் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. விடியுமுன் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரீட்டாவோடு தேவாலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போய்வந்தேன். சாயங்காலம் மரியதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பூட்ஸைக் கழற்றாமலே கதவோரம் நின்றார்.

"இண்டைக்கும் நிண்டுட்டுதோ?" என்றாள் ரீட்டா.

"ஓம். ரெண்டு குடும்பம் குடிலுக்கை மாட்டுப்பட்டுப் போச்சுது. ஒண்டில கைக்குழந்தை."

பிறகு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்கள். மரியதாஸ் அண்ணன் பதினெட்டு வருடம் ஒரு தையல் ஆலையில் துணி தேய்த்தவர். இலையுதிர் காலத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். மன்னாரில் அவர் மீனவர். சென்ட்-ஆன் பக்கத்து ஏரியில் காஸ்தோன் என்ற கிழவர் குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் மரக்குடில்களை வரிசையாக நிறுத்தி, மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கரையிலிருந்து குடில்களுக்கு ஆட்களையும் விறகையும் ஏற்றி இறக்க, சொந்தமாகப் பனிவண்டி வைத்திருக்கும் ஓர் ஆள் தேவை. அண்ணன் ஒரு பழைய ஸ்னோமொபைலை வாங்கிக்கொண்டு போய் நின்றார். எந்த இடத்தில் துளை போட்டால் மீன் கடிக்கும் என்று அவர் சொன்னது இரண்டு தடவை பலித்ததும் காஸ்தோனுக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேலையில் சேர்த்துக்கொண்டார், பார்க்கலாம் என்ற கணக்கில்.

வண்டிதான் காலை வாரியது. காலையில் முதல் இழுப்பில் கிளம்பும். நாலைந்து குடில் ஓடிச் சூடாகி, ஆட்களை இறக்க நிறுத்தினால் முடிந்தது. அரை மணி, முக்கால் மணி உறங்கி எழுந்தால்தான் மறுபடி உயிர் வரும். அதுவரை ஆட்கள் ஏரி நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்கு காஸ்தோன் கடைசி வார்த்தை சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு எல்லாக் குடிலும் நிரம்பும் நாள். அன்று ஒரு தடவை வண்டி நின்றாலும் திங்கட்கிழமையிலிருந்து தன் அக்கா மகனைக் கூப்பிட்டுக்கொள்வார்.

"வேற வேலை பாருங்கோ எண்டா கேக்கிறாரில்லை," என்றாள் ரீட்டா.

"அம்பத்தைஞ்சு வயசில எனக்கு ஆர் வேலை தாறது? நாப்பது இடத்தில எழுதிக் குடுத்தாச்சு," என்றார் அவர். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினாண்ணே?" என்று கேட்டேன். ஆமாம் என்றதும், "சூடானா ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் நான் நூறு பார்த்திருக்கேன். நாளைக்கு வந்து பார்க்கறேன்," என்றேன். என் வாய்தான் எனக்கு முதல் எதிரி.

திங்கட்கிழமை காலை ரீட்டா அலமாரியிலிருந்து நீல நிறத்தில் மொத்தமான ஒரு பனிக்காற்சட்டையை எடுத்துத் தந்தாள். இடுப்பில் தொங்கும் கடைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் புதிதாக இருந்தது.

"இவர் மெசின் வாங்கின அண்டைக்கு எனக்கெண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். நான் அந்த ஏரியில காலும் வைக்கமாட்டன். நீங்கள் போடுங்கோ அக்கா."

ஏன் என்று கேட்டேன். "கடலுக்குப் போன மனுசனைப் பாத்துக் கரையில நிண்டு நிண்டு என்ரை கண் பூத்துப்போச்சு. இஞ்சை வந்தும் அதே வேலையோ? போதும்," என்றாள். சீட்டைக் கிழிக்காமல் உள்ளே மடித்துவிட்டு நான் அதைப் போட்டுக்கொண்டேன். வாசலில் எங்களை வழியனுப்பக்கூட அவள் வரவில்லை.

பகலெல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு, நாலு மணிக்கு ஏரிக்குப் போனேன். கோடையில் கொள்ளிடத்தைக் குறுக்கே நடந்து கடந்திருக்கிறேன். ஆனால் அது மணல். இங்கே காலுக்கடியில் ஆழத் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடப்பது வேறு சங்கதி. பத்தடி போவதற்குள் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அப்போது ஒருவர் காரையே ஏரிமேல் ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய், கண்ணாடியை இறக்கி, "போன்ழூர், மதாம்" என்றார். கார் நிற்கிற இடத்தில் நான் நின்றால் என்ன என்று மேலே நடந்தேன்.

குடில்கள் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தகரக் குழாய்வழியே புகை. வண்டி ஆறிக் கிடந்தது. அண்ணன் கிளப்பிக் காட்டினார். ஹேண்டிலுக்குக் கீழே இடது பக்கம் ஒரு கறுப்புக் குமிழ். குளிரில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினுக்கு ஒரு வாய் பெட்ரோல் கொடுப்பதற்கு அது. அதை இரண்டு அமுக்கு அமுக்கி, வலது பக்கக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. நல்ல சத்தம், நல்ல புகை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாலாவது குடிலில் விறகை இறக்க நிறுத்தினோம். திரும்பி வந்து இழுத்தார், இழுத்தார், தோள்பட்டை கழலும்வரை இழுத்தார். ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. நான் வலது பக்கம் மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் குளித்து வந்ததுபோல் நனைந்திருந்தது. ஆக, எண்ணெய் வராமல் வந்த வியாதி இல்லை. சூடான எஞ்சினுக்குக் கொஞ்சம் போதும். இதற்கு யாரோ அளவில்லாமல் ஊட்டுகிறார்கள். எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போது நீங்க என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னத்தைச் செய்யிறது ரீச்சர்? சூடெண்டா திறப்பைத் திருப்புவன், கயித்தை இழுப்பன். அவ்வளவுதான்."

சாவி, கயிறு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: முதலில் ஓட்டுகிறவரைக் கேள்.

வண்டி தூங்கி எழும்வரை அந்தக் குடிலில் இருந்த கிழவர் எங்களை உள்ளே கூப்பிட்டுப் பட்டாணி சூப் கொடுத்தார். மஞ்சள் பட்டாணி, பன்றி இறைச்சி வாசம், மிளகு இல்லை, மிளகாய் இல்லை. இருந்தாலும் அந்தக் குளிரில் அமிர்தமாக இறங்கியது. "உங்கள் நாட்டில் ஏரி எந்த மாதம் உறையும்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஏரி வற்றும், உறையாது என்றேன். "அப்படியானால் குளிர்காலத்தில் என்னதான் செய்வீர்கள்?" என்று உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை புதுப் பிளக் போட்டேன். சோக் கம்பி எங்கேனும் சிக்கிக்கொண்டு திறந்தபடி நிற்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஐந்தாவது குடிலில் வண்டி நின்றது.

புதன்கிழமை அண்ணனின் காரே கிளம்பவில்லை. பேட்டரி போய்விட்டது. வில்லரேயிலிருந்து மெட்ரோ பிடித்து, லியோனல்-குரூவில் மாறி, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனோம். என் கைப்பையில் பிளக் ஸ்பேனர், இரண்டு திருப்புளி, பழைய பிளக், கொஞ்சம் வடை. பஸ்ஸில் பெட்ரோல் வாசமும் வடை வாசமும் கலந்து வந்தன. எதிரே இருந்த பெண் மகனிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். "எங்கையோ சாப்பாட்டுக் கடை எரியுதாம்," என்றார் அண்ணன். அவர் சிரித்து நான் முதல்முறை பார்த்தது அப்போதுதான்.

காஸ்தோனின் கொட்டகையில் எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கார்பரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோலை அளந்து நிறுத்தும் ஊசி தேய்ந்திருந்தால் இப்படித்தான் வழியும். ஊசியில் குறையில்லை, இருந்தும் மாற்றினேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வண்டியைச் சுற்றவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, இந்தத் தடவை நானே உட்கார்ந்து இழுத்தேன். கிளம்பவில்லை. அண்ணன் இழுத்தும் கிளம்பவில்லை. காஸ்தோன் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை என் பேச்சு. நன்றாக வந்தது என்றார்கள், கை தட்டினார்கள், ஒருவர் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் மனம் முழுவதும் இக்னிஷன் காயில் மேல்தான் இருந்தது; சூடானதும் தீப்பொறியை அது நிறுத்திவிடுவதுண்டு. பிளக் நனைவதற்கு அதுவும் காரணமாகலாம். காஸ்தோனின் பழைய வண்டியிலிருந்து காயிலைக் கடன் வாங்கி மாட்டினோம். ஆறாவது குடில்வரை போனோம். அங்கிருந்து நடந்து திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கொட்டகை வாசலில் பளபளவென்று ஒரு புதுப் பனிவண்டி நின்றது. காஸ்தோனின் அக்கா மகன். நல்ல பிள்ளைதான், எங்களைப் பார்த்து கையசைத்தான். மரியதாஸ் அண்ணனும் அசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் செய்யிறதைச் செய்துபோட்டியள் ரீச்சர். இனி விடுங்கோ," என்றார். இருபத்திரண்டு வருடம் எஞ்சின் பாடம் நடத்தியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோற்றதற்காக மட்டும் இல்லை. என் பெருமைப் பேச்சை நம்பி அந்த மனிதர் ஐந்து நாளை வீணாக்கிவிட்டாரே என்று.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரீட்டா, "நாளைக்கு நானும் வாறன்," என்றாள். காஸ்தோனிடம் தானே நேரில் பேசி, இன்னும் ஒரு வாரம் தவணை கேட்கப்போகிறாளாம். அண்ணன் வேண்டாம் என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காற்று ஊசியாகக் குத்தியது. காற்சட்டையை அவளிடம் நீட்டினேன். "அதை நீங்கள் போடுங்கோ," என்று சொல்லிவிட்டு, கணவரின் பழைய கால்சட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து மாட்டிக்கொண்டாள். காஸ்தோன் கடைசிக் குடிலில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போக ஏரியைக் கடக்கத்தான் வேண்டும். ரீட்டா கரையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறி, அண்ணனின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பின்னால் கட்டியிழுத்த சறுக்குப் பலகையில், விறகுப் பெட்டிகளுக்கு நடுவே.

ஐந்தாவது குடிலில் பெரிய பெட்டி ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. அண்ணன் வண்டியை நிறுத்தினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியை அடுப்போரம் வைத்துவிட்டு நான் இடுப்பை நிமிர்த்தவில்லை, வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் கதவில் இடித்துக்கொண்டு ஓடினோம். ரீட்டா வண்டிக்குப் பக்கத்தில் கயிற்றுப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டவள்போல நின்றாள். வண்டி குதிரைமாதிரி நடுங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் வந்து அரை மணித்தியாலம் இழுப்பியள்தானே. குளிருது. நான் இப்பவே இழுக்கத் தொடங்கினா வெள்ளனப் போகலாம் எண்டு பாத்தன்," என்றாள்.

"எத்தனை தடவை இழுத்தீங்க?"

"ஒருக்கா."

"வேற என்ன செஞ்சீங்க ரீட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வேற என்ன கிடக்கு அக்கா? திறப்பைத் திருப்பினன். இழுத்தன். இவரும் அதுதானே செய்யிறவர்?"

அதே வார்த்தை. என் நோட்டில் ஆறு நாளாக இருந்த வார்த்தை. அதே எஞ்சின், அதே சூடு. கையில்தான் வித்தியாசம். அண்ணனிடம் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பச் சொன்னேன். இத்தனை நாளும் எஞ்சின் திறக்கும் வலது பக்கமே நின்ற நான் முதல்முறையாக இடது பக்கம் போய் நின்றேன்.

அவர் உட்கார்ந்தார். திறப்பைத் திருப்பினார். வலது கை கயிற்றைத் தேடியது. அதே நேரத்தில் இடது கை தானாக இறங்கி, அந்தக் கறுப்புக் குமிழை டக் டக் என்று இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு ஹேண்டிலுக்குத் திரும்பியது. கண் சிமிட்டும் நேரம். அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் உட்கார்ந்து வந்த ரீட்டாவுக்கு முதுகைத் தவிர வேறு தெரிந்திருக்க வழியில்லை.

"அண்ணே, என்னத்த அமுக்கினீங்க?"

"நான் ஒண்டையும் அமுக்கேல்லையே," என்றார். பொய் சொல்லவில்லை. பிறகு மெதுவாகக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

அப்புறம் அவரே சொன்னார்.

"போட்டில எனக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் ரீச்சர். ஓடுறது மண்ணெண்ணெயில, எழும்புறது பெற்றோலில. வலையிழுக்க நடுக்கடலில நிப்பாட்டினா, திரும்ப எழுப்ப முதல் பெற்றோலை வாயில காட்டவேணும். காட்டாட்டி கை ஓயும்வரைக்கும் இழுக்கவேண்டியதுதான். பதினைஞ்சு வயசில பழகின கை. அது என்னைக் கேட்டுச் செய்யிறேல்லை."

எங்கள் வயல்காட்டுப் பம்ப்செட்டும் அதே சாதிதான். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். நிறுத்தினால் மறுபடி பெட்ரோல் காட்ட வேண்டும். புதன்கிழமை கொட்டகையில் நானே உட்கார்ந்து இழுத்தேனே, அன்று என் இடது கை எங்கே இருந்தது? நன்றாக நினைவு வந்தது. குமிழ் மேல். மூன்று அமுக்கு, அவரைவிட ஒன்று கூட. ஊசியையும் காயிலையும் சந்தேகப்பட்ட நான் என் கையைச் சந்தேகப்படவில்லை. எஞ்சினைப் பற்றி எதுவுமே தெரியாத ரீட்டா மட்டும்தான் அதைச் சரியாகக் கிளப்பியிருக்கிறாள்.

சொன்னதும் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். ரீட்டா சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு மாசமா மெசின் பிழையில்லை, நீங்கள்தான் பிழை," என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "சரி, இறங்குங்கோ, நடப்பம்," என்றாள். பெட்ரோல் குடித்த எஞ்சின் ஆறும்வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். காஸ்தோனிடம் தவணை கேட்கும் யோசனையை அவள் அங்கேயே விட்டுவிட்டாள்.

காரணம் தெரிந்துவிட்டது, கை கேட்க வேண்டுமே. அன்று சாயங்காலம் நாலு முறை பழகிப் பார்த்தார். இரண்டு முறை கை முந்திக்கொண்டது. குமிழைக் கழற்றிவிடலாம் என்றால் விடிகாலைக் குளிருக்கு அது வேண்டும். துணியைச் சுற்றிக் கட்டினோம். துணியோடு சேர்த்து அமுக்கினார். கடைசியில் ரீட்டா, "நான் பின்னால இருக்கிறன். கையை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போகவில்லை. அவள் மறுபடியும் அதே இரட்டைக் கால்சட்டையில் வந்தாள். காஸ்தோன் சிவப்புத் தொப்பியோடு கரையில் நின்று, காப்பியைக் குடித்துக்கொண்டு, வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அக்கா மகனின் புது வண்டியும் தயாராக நின்றது.

முதல் குடில். இறக்கினார்கள், ஏறினார்கள். ரீட்டா முன்னால் எட்டி அவர் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வலது கையால் இழுத்தார். கிளம்பியது. இரண்டாவது, மூன்றாவது. நான் கரையில் நின்று ஒவ்வொரு இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பச்சைக் குடிலில் இறங்கிய பாட்டியம்மாள் திரும்பி வந்தபோது என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்தத் தம்பதிக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம்? வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார்களே." இருபத்தாறு என்றேன். அவர் தன் கணவரை முழங்கையால் ஒரு இடி இடித்தார். மத்தியானம் இதை ரீட்டாவிடம் சொன்னேன். முகம் சிவந்து, "சும்மா இருங்கோ அக்கா," என்று புட்டைப் பிசைய ஆரம்பித்தாள்.

ஒன்றரை மணிக்கு ஒரு கண்டம். ஒன்பதாவது குடில் முன்னால் முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. காஸ்தோன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தூரத்தில் அண்ணனின் இடது தோள் அசைவது எனக்குத் தெரிந்தது. ரீட்டா விடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது இழுப்பில் வண்டி இருமி, புகைந்து, ஓடியது. நான் மூச்சு விட்டேன்.

நாலு மணிக்கு ஏறக்குறைய எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள். ரீட்டா அண்ணனின் நனைந்த கையுறைகளைக் காயவைக்கக் கொட்டகைக்குள் போயிருந்தாள். அப்போது காஸ்தோன் தொலைவிலிருந்த குடிலைக் காட்டிக் கத்தினார். ஒரு குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது, குழந்தை அழுகிறது, உடனே போ என்றார். வண்டி அப்போதுதான் நின்றிருந்தது, கொதிக்கக் கொதிக்க.

அண்ணன் தனியாக உட்கார்ந்தார். கொட்டகைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். திறப்பைத் திருப்பினார். இடது கை ஹேண்டிலிலிருந்து இறங்கியது. நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், கை குமிழுக்குப் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதைப் பின்னால் கொண்டுபோய், ரீட்டா உட்காரும் இடத்தில், அவள் அங்கே இருப்பதுபோல வைத்துக்கொண்டார். வலது கையால் இழுத்தார்.

ஒரே இழுப்பு.

அந்தக் குடும்பத்தைக் கரையில் இறக்கியதும் காஸ்தோன் கிட்டே வந்து, வண்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "நாளை காலை ஆறு மணி," என்றார். அவ்வளவுதான். நன்றாயிருக்கிறது என்றோ வேலை உறுதி என்றோ சொல்லவில்லை. அக்கா மகன் தன் வண்டியை இழுவையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

கொட்டகையிலிருந்து வந்த ரீட்டா, "என்னவாம்?" என்றாள்.

"நாளைக்கு ஆறு மணிக்காம்."

அவள் காய்ந்த கையுறைகளை அவர் கையில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். இடது கையுறையை மாட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு விமானம். அன்று இரவே பெட்டியைக் கட்டி, அந்த நீலக் காற்சட்டையைத் துடைத்து மடித்து, கடைச் சீட்டோடு முன்னறை நாற்காலியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு எழுந்து வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. அடுப்படி மேசையில் எனக்குப் புட்டும் நான் கொண்டுவந்த கருவாட்டில் ஒரு குழம்பும் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் கடைச் சீட்டு மட்டும் கிழித்துப் போட்டுக் கிடந்தது. முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.